சிவப்புச் சாரம்

இப்பிடி நகந்து உக்காரு தாயி, அங்க ஃபேன் சுத்தாது. ரெண்டு வருசமா நான் வாறேன், அது சும்மா தொங்கிக்கிட்டுத்தான் கெடக்கு. இங்க ஜன்னல் ஓரம்னா வேப்பங்காத்தாவது வரும். ஒன் டோக்கன் என்ன? அம்பத்தொண்ணா? எனக்கு நாப்பத்தி மூணு. இப்பத்தான் முப்பத்தாறைக் கூப்பிட்டிருக்காவ. ஒனக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொறவுதான்.

கையில என்ன, மனுவா? காட்டு பாப்போம். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனா இந்த மனுவை மட்டும் தூரத்துல பாத்தாலே தெரிஞ்சிரும். கணவனால் கைவிடப்பட்டவர். ஆமா, இதேதான். நானும் இதைத்தான் போட்டேன்.

வெளிய அந்த வேப்பமரத்தடியில வெள்ளைத் துண்டைத் தலையில போட்டுக்கிட்டு நிக்காவளே, அது யாரு? அண்ணனா? சரி, அண்ணன்னே வச்சிக்கிடுவோம். முழிக்காத தாயி, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா அண்ணன்னா நீ இத்தனை தடவை திரும்பிப் பாக்கக் கூடாது. உள்ள இருக்கவுவளுக்குக் கண்ணுகொத்திப் பாம்புக் கண்ணு. நான் முதமுதல்ல வந்தப்ப எங்க வீட்டுக்காரவியளும் அந்த மரத்தடியிலதான் நின்னாவ. நான் ஒரு தடவைகூடத் திரும்பலை. அவ்வளவு கெட்டி நான்.

சொல்லித் தாரேன், கேட்டுக்கோ. வாயைப் பிளந்துக்கிட்டு மாட்டிக்கிட்ட ஆளுவ நிறைய இருக்கு. முதல்ல தலையில இருக்க பூவை எடு. எடுத்து மடியில வச்சிக்கோ. ரேஷன் கார்டுல பேரை நீக்கியாச்சா? நீக்கிரு. அரிசி குறையும், குறையட்டும். வீட்டுல அவிய செருப்பு, சவரம் பண்ற பிளேடு, பல்லு வெளக்குற பிரஷ், எதுவும் கண்ணுல படக் கூடாது. விசாரணைக்கு வாறவுவ ஒன் மூஞ்சியப் பாக்க மாட்டாவ. பிரஷ் எத்தனைன்னு எண்ணுவாவ. அதுக்குப் பொறவு கொடியப் பாப்பாவ, துணி காயுற கொடிய. அங்கதான் எல்லாரும் மாட்டுறது.

என் பேரு பட்டுக்கனி. எங்களுக்கு உப்பளம். வீடும் அளத்துக்குப் பக்கத்துலயேதான், ரோட்டை விட்டு எறங்கி மூணு பர்லாங்கு நடக்கணும். எட்டு வீடு. கண்ணுக்கு எட்டுன மட்டும் பாத்தி, வரப்பு, குவிச்ச உப்புக் குமி. மரம்னு சொல்லிக்க எங்க வீட்டு வேலியில நாலு கருவேலம் நிக்கும். கல்யாணம் ஆயி வந்த நாள்ல இருந்து அவிய உப்பு வாருவாவ, நான் தலையில சொமப்பேன். பலகையக் கொண்டு இழுத்து இழுத்து வாருறது, அந்தச் சத்தம் இருக்கே, சர்ரு சர்ருன்னு, அதை இப்பவும் நான் கேக்கேன். மழைக்காலத்துல, அளம் பூரா தண்ணி நிக்கும்போதும் கேக்கேன். அதை விடு.

வெயில்ல உப்பைப் பாத்துப் பாத்து அவியளுக்குக் கண்ணு போச்சு. ஒரே நாள்ல போகலை. முதல்ல ஓரம் மங்குச்சு, பொறவு நடு மங்குச்சு. வாருறப்ப வரப்பையும் சேத்துக் கீறிட்டாவன்னு கங்காணி வேலைய விட்டு நிப்பாட்டிட்டான். எனக்கும் இடுப்புல எலும்பு தேஞ்சு போச்சு, சொமக்க முடியலை. பிள்ளையளும் இல்லை, கஞ்சி ஊத்த ஆளு இல்லை. ரெண்டு வயிறு, வருமானம் சுத்தமா இல்லை. அப்ப என்ன செய்யச் சொல்லுத?

ஆபீஸ் வாசல்ல மனு எழுதுற மரியசெல்வம்னு ஒருத்தர் இருந்தாரு. இப்ப இல்லை, திருப்பூருக்குப் போயிட்டாராம். அவருகிட்டப் போயி ரெண்டு பேரும் நின்னோம். அவரு கேட்டாரு, புருசன் இருக்காரா, உசுரோட இருக்காரான்னு. இருக்காவளே, இந்தா நிக்காவளேன்னேன். அப்ப ஒங்களுக்கு ஒண்ணும் கெடைக்காதும்மான்னுட்டாரு. கண்ணு தெரியலையே அய்யான்னு கேட்டேன். கொஞ்சம் தெரியுதுல்லா, முழுசாப் போனாத்தான் கணக்குன்னாரு. வயசு பத்தலை, முதியோர் பென்சனும் வராது. புருசன் விட்டுட்டுப் போயிட்டான்னா மட்டும் ஒனக்கு மாசம் ஆயிரத்து எரநூறு உண்டு, அஞ்சு வருசம் ஆயிருக்கணும், அவ்வளவுதான் வழின்னாரு.

நான் அவிய மூஞ்சியப் பாத்தேன். அவிய சிரிச்சாவ. "சரி பட்டு, ஆறு வருசத்துக்கு முன்னாலயே நான் போயிட்டேன்னு எழுது"ன்னாவ. அப்பிடித்தான் தொடங்குச்சு. அவியதான் முதல்ல சொன்னாவ, நான் இல்லை. இதை நீ நல்லா ஞாபகம் வச்சிக்கோ.

பக்கத்து வீட்டுக் குருவம்மா சாட்சி சொல்லுதேன்னா. எட்டு வீட்டுலயும் ஒண்ணுக்கொண்ணு ஒத்தாசைதான், அவ வீட்டு வெவகாரத்துக்கு நான் சாட்சி சொல்லியிருக்கேன்லா. ஆனா அவிய பகல்ல வீட்டுல இருக்கக் கூடாதே. எப்ப விசாரணைக்கு வருவாவன்னு யாருக்குத் தெரியும்? அதுக்கு அவிய ஒரு வழி கண்டுபிடிச்சாவ. காலையில தூக்குச் சட்டியில சோத்தை வாங்கிக்கிட்டுப் பெரிய வரப்புக்குப் போயிருவாவ. அங்க பம்ப் செட்டு ரூம் நிழல்ல உக்காந்திருப்பாவ. வீட்டுல யாரும் இல்லைன்னா நான் கொடியில ஒரு சாரத்தை, அதான் லுங்கிய, போட்டு வைக்கணும். ஆபீஸர் வந்தா உருவிரணும். சாரம் கெடந்தா வரலாம். கெடக்கலைன்னா வரக் கூடாது.

அவியகிட்ட இருந்தது எல்லாம் வெள்ளைச் சாரம். உப்பு வெளுப்புல அது எங்க தெரிய? "செவப்புன்னா எனக்கு மங்கலாவாவது தெரியும் பட்டு"ன்னாவ. ஏரல் சந்தையில போயி நல்ல மொளகாப்பழச் செவப்புல ஒரு சாரம் வாங்கிட்டு வந்தேன். அதைக் கட்டிக்கிடவே இல்லை, கொடிக்குன்னே வாங்குனது. "ஊரு பூரா செவப்புக் கொடி காட்டுனா ரயில் நிக்கும், நம்ம வீட்டுல மட்டும் செவப்பு காட்டுனா வண்டி கெளம்பி வரும்"னு சொல்லிச் சிரிப்பாவ. சாயங்காலம் ஆனா நான் வாசல்ல நிப்பேன். தூரத்துல வரப்பு மேல தட்டித் தடவி ஒரு உருவம் வரும். நேரே கொடிக்கு வந்து சாரத்தைத் தொட்டுப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குள்ள நுழைவாவ.

நல்லாத்தானே நடந்துச்சு. வி.ஏ.ஓ. வந்தாரு, தலையாரி வந்தாரு, ரெண்டு தடவையும் சாரத்தை உருவிட்டேன், அவிய வரலை. நான் ரெண்டு வார்த்தை சொன்னேன், அவுங்க எழுதிக்கிட்டுப் போனாவ. மூணாவதுதான் ஆர்.ஐ. மேடம். மேடம் கையெழுத்துப் போட்டாத்தான் மனு மேல போவும்.

ஆவணி மாசம், செவ்வாக்கெழமை. காலையில நான் பழைய சோறும் தேங்காத் தொவையலும் தூக்குச் சட்டியில வச்சு அவிய கையில கொடுத்தேன். கையில கொடுத்தேன் தாயி, மூடியச் சரியா மூடிக் கொடுத்தேன். வரப்பு ஏறுற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன். மத்தியானம் திரும்புன நேரம், ரெண்டு மணி இருக்கும், ஜீப் சத்தம். ஓடிப்போயிச் சாரத்தை உருவி எங்கயும் வைக்க நேரமில்லாமக் கீழ போட்டு அது மேலயே உக்காந்துட்டேன். மேடம் வந்து முத்தத்துல நாற்காலி போட்டு உக்காந்தாவ. எட்டு வீட்டு சனமும் கூடிருச்சு.

மேடம் நல்ல மாதிரிதான், ஆனா நம்பலை. "அடுத்தவங்க மாதிரியே நீயும் மனப்பாடமாச் சொல்லுதியேம்மா. நெசமாவே விட்டுட்டுப் போயிட்டாரா?"ன்னு கேட்டாவ. இது விட்டுப் போச்சுன்னா இனி வழி இல்லைன்னு தெரியும். வீட்டுல ரெண்டு நாளா அரிசி இல்லை, குருவம்மா கொடுத்ததுதான் அன்னைக்குச் சோறு. அப்பத்தான் நான் பேச ஆரம்பிச்சேன்.

தாயி, நான் பேசுனதை நீ கேட்டிருக்கணும். எங்க இருந்துதான் வந்துச்சோ. குடிப்பான்னேன். அவிய பீடிகூடத் தொட்டதில்லை. அடிப்பான்னேன். உப்பு வாருற பலகையால அடிச்சான், இந்தா பாருங்கன்னு, சொமந்து சொமந்து காய்ச்சுப் போன தோளைக் காட்டுனேன். முப்பத்தொரு வருசம் அவிய அவியன்னு சொன்ன வாயில அவன் அவன்னு சரளமா வந்துச்சு. பிள்ளை இல்லைன்னு என்னைய மலடின்னு வஞ்சு, கட்டுன சேலையோட தள்ளிட்டு வேற ஒருத்திகூடப் போயிட்டான்னேன். மேடம் எழுதுறதை நிப்பாட்டிட்டு என்னையவே பாத்தாவ. இன்னும் ஒரு சுத்து சொன்னாத்தான் நம்புவாவன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எல்லாமே பொய்யாச் சொன்னா அது எடுபடாது தாயி. கொழம்புல ஒரு கல்லு உப்பு மாதிரி ஒரு நெசத்தையும் போடணும். போட்டேன்.

"குறை எனக்கு இல்லை மேடம். அவனுக்குத்தான். பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரியில டாக்டரே சொன்னாரு. அவன் ஆம்பளையே இல்லை. அந்த மானம் போயிரக் கூடாதுன்னு நான் மலடிப் பட்டத்தைச் சொமந்தேன். அவன்தான் என்னைய விட்டுட்டுப் போயிட்டான்"னு சொன்னேன்.

மேடத்துக்குக் கண்ணு கலங்கிருச்சு. அங்கேயே கையெழுத்துப் போட்டுட்டாவ.

அது நெசம்தான். கல்யாணம் ஆயி அஞ்சாம் வருசம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சொன்னதைக் கேட்டுட்டு பஸ்ல திரும்பி வந்துக்கிட்டிருந்தோம். வல்லநாட்டுல பஸ் நின்னுச்சு. "நீ வேணும்னா ஒங்க அம்மா வீட்டுக்குப் போயிரு பட்டு"ன்னாவ. நான் அவிய கையப் பிடிச்சு, யாரு கேட்டாலும் எனக்குத்தான் குறைன்னு சொல்லுவேன், இது நம்ம ரெண்டு பேரோட போவட்டும்னு சத்தியம் அடிச்சுக் கொடுத்தேன். எங்க மாமியா சாவுற வரைக்கும் என்னைய மலடின்னுதான் கூப்பிட்டா. நான் வாயத் தொறக்கலை. அன்னையில இருந்து என் கால் வெடிப்புக்கு வேப்பெண்ணெய் காய்ச்சிப் போட்டு விடுறது அவிய வேலை. ஒருநாள் தவறுனதில்லை, கண்ணு போன பொறவும் தடவித் தடவிப் போட்டு விடுவாவ.

ஆனா அன்னைக்கு அது அவிய காதுல விழுந்திருக்காது. அவிய வரப்புல இருந்தாவ. ஒரு பர்லாங்கு தூரம். எப்பிடிக் கேக்கும்?

நான் பண்ணுன தப்பு வேற. மேடம் கையெழுத்துப் போட்டதும், போட்டோவும் ரேகையும் எடுக்கணும், ஜீப்புலயே வா, திரும்பக் கொண்டாந்து விடச் சொல்லுதேன்னாவ. சந்தோசத்துல ஏறிட்டேன். வாழ்க்கையில முதல் தடவையா ஜீப்பு. திரும்பி வரும்போது பொழுது அடைஞ்சிருச்சு. வந்து பாத்தா சாரம் நான் உக்காந்த எடத்துலயே சுருண்டு கெடக்கு. கொடியில போட மறந்துட்டேன் தாயி. அவ்வளவுதான் நான் பண்ணுன தப்பு. அவிய வரப்புல உக்காந்து பாத்திருக்காவ, சாரம் இல்லை, இன்னும் ஆபீஸர் போகலைன்னு நெனச்சிருக்காவ. அப்பிடியே தட்டுக் கெட்டு, எங்கயோ வழி தவறிப் போயிட்டாவ. வேற ஒண்ணும் இல்லை. உடனே எடுத்துப் போட்டேன். பம்ப் செட்டு வரைக்கும் ஓடுனேன். ஆளு இல்லை.

மறுநாள் வேலிக்குப் பின்னால, கருவேலத்தடியில, தூக்குச் சட்டி இருந்துச்சு. கழுவிக் கவுத்தி வச்சிருந்தாவ. காலையிலயே மறந்து வச்சிட்டுப் போயிருப்பாவ. ஆமா, மறந்துதான் வச்சிருப்பாவ.

என்ன கேட்ட? கையில கொடுத்தேன்னு சொன்னேனா? ஆமா, கொடுத்தேன். சோறு காலியாத்தான் இருந்துச்சு. பசியோடவா இருப்பாவ, சாப்பிட்டிருப்பாவ. முத்தத்துக்கும் வேலிக்கும் தூரம் இருக்கு தாயி. இந்தா, இங்க இருந்து அந்த வேப்பமரம் வரைக்கும் இருக்கும். காத்து வேற எதிர்ல அடிக்கும். எதுவும் காதுல விழுந்திருக்காது.

முதல் மாசப் பணம் வரும்போது அவிய போயிப் பதினெட்டு நாள் ஆயிருந்துச்சு.

ஆளைக் காணலைன்னு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் பேரு கேட்டாரு. புருசன் பேரை எப்பிடிச் சொல்ல, அவிய ஆதார் அட்டைய நீட்டுனேன். பாலவேசம்னு படிச்சாரு. ரேஷன் அட்டைய வாங்கிப் பாத்துட்டு, இதுல பேரே இல்லையேம்மான்னாரு. பொறவு அவரே தலையாரிக்குப் போன் போட்டுக் கேட்டாரு. போனை வச்சிட்டு என்னைய ஏற எறங்கப் பாத்தாரு. "ஆறு வருசத்துக்கு முன்னால ஒன்னைய அடிச்சுப் போட்டுட்டுப் போன ஆளை இப்ப என்னத்துக்குத் தேடுத? போயி நிம்மதியா இரு"ன்னாரு. அவரு நல்லதுக்குத்தான் சொன்னாரு. நான் என்னன்னு சொல்ல? செவ்வாக்கெழமை காலையில தொவையல் வச்சுக் கொடுத்து அனுப்புனேன்னு சொல்லவா? சொன்னா பணமும் போவும், பொய் சொன்னதுக்கு என்னையும் உள்ள வைப்பாவ, சாட்சி சொன்ன குருவம்மாளையும் வைப்பாவ. தண்ணி குடிச்சிட்டு வந்துட்டேன்.

ஓடையில ஒரு தடவை ஆம்பளைப் பொணம் ஒதுங்குச்சுன்னு சொன்னாவ. போனேன். கூட்டத்துக்குப் பின்னால நின்னேன். முன்னால போயி அழுதா யாரு நீன்னு கேப்பாவளே. கால் வெரலைப் பாத்தாத் தெரியும், அவியளுக்கு எடது காலு சுண்டு வெரல் கெடையாது. சாக்கைப் போட்டு மூடியிருந்தாவ. ஒரு பய சாக்கை வெலக்குனான். அஞ்சு வெரலும் இருந்துச்சு. எனக்கு வந்த சந்தோசம் இருக்கே, நடந்து வீடு வந்து சேரவே முடியலை.

அதுக்குப் பொறவு சாரத்தைக் கொடிய விட்டு எடுக்கலை. மழை பெஞ்சாலும் கெடக்கும். வெள்ளிக்கெழமை தொவச்சு ஒடனே போட்டிருவேன். செவப்பு போயி இப்ப செங்கல் நெறத்துல இருக்கு, அதான் எனக்குக் கவலை. அவியளுக்குத் தெரியணுமே. மஞ்சணத்திப் பட்டையில சாயம் ஏறுமான்னு கேட்டுப் பாத்தேன், அது மஞ்சளாப் போயிருமாம். ரெண்டு தட்டு வைக்கேன். கோட்டிக்காரின்னு நெனைக்காத. வச்சுட்டு ஒண்ணுல சாப்பிடுவேன், ரெண்டையும் கழுவுவேன். சும்மா கெடந்தா தூசி ஏறிருதுல்லா. சில நாளு மத்தியானத்துல, அளத்துல ஈ காக்கா இல்லாத நேரம், வரப்பு மேல ஆளு நிக்கிற மாதிரி இருக்கும். அசையாம நிப்பாவ. வாங்க, ஒருத்தரும் இல்லைன்னு இங்க இருந்து கையக் காட்டுவேன். வர மாட்டாவ. கிட்டப் போனா ஓலை போட்டு மூடுன உப்புக் குமியா இருக்கும். ஆனா அடுத்த நாளு அங்க குமியே இருக்காது. நேத்து அங்க உப்புப் போடவே இல்லையேன்னு கங்காணி சொல்லுவான்.

கொடிக்குக் கீழ மண்ணு மட்டும் ஒரு நாளு மிதிபட்டுக் கெடந்துச்சு. எடது காலு சுண்டு வெரல் பதியலை. அதை நான் சட்டிய வச்சு மூடி ஒரு மாசம் வச்சிருந்தேன்.

யாரோ மொட்டை மனு போட்டுட்டாவ. இவ புருசன் வீட்டுலதான் இருக்கான், சாரம் கெடக்கு, ரெண்டு தட்டு கழுவுறா, தனியா உக்காந்து பேசுறா, கவுர்மெண்டை ஏமாத்துறான்னு. யாரு போட்டான்னு தெரியும், வேண்டாம், சொல்லலை. நோட்டீஸ் வந்துச்சு. போன வாரம் வந்து நின்னேன். உள்ள மூணாவது டேபிள்ல ஒரு பிள்ளை இருக்கு, நெத்தியில சின்னதாச் சந்தனம் வச்சிருக்கும். நல்ல பிள்ளை. அது ஃபைலைப் புரட்டிக்கிட்டே, வீட்டுக்காரர் என்ன வேலை பாத்தாருன்னு கேட்டுச்சு. கண்ணு மங்கி வேலைய விட்டு நிப்பாட்டிட்டாவன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அது நிமிந்து பாத்துட்டுச் சொல்லுது, "அப்ப இருந்தே கண்ணுக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கி அவர் பேர்லயே மனு போட்டிருக்கலாமேம்மா. அதுக்குத் தனியா உண்டு. அவரு ஒங்ககூட இருந்தாலும் உண்டு. முழுசாப் போவணும்னு யாரு சொன்னது?"

அவரு ஒங்ககூட இருந்தாலும் உண்டு.

அந்தப் பிள்ளை தண்ணி வேணுமான்னு கேட்டுச்சு. மரியசெல்வத்துக்குத் தெரியாமப் போச்சு. அவரு என்ன செய்வாரு, பத்தாங்கிளாஸ்தான். எனக்கும் தெரியாமப் போச்சு. அவியளுக்கும் தெரியாது. அந்த டேபிளுக்கு வந்து கேக்கணும்னு எங்க மூணு பேருல ஒருத்தருக்கும் தோணலை பாரு. வாசல்லயே கேட்டுட்டு வாசலோட போயிட்டோம்.

ஒன் வீட்டுக்காரருக்கு, சரி, ஒங்க அண்ணனுக்கு, என்ன செய்யுது? நடையப் பாத்தேன், வலது கை தொங்குதே. தறியிலயா? அந்தப் பிள்ளைகிட்ட அதை முதல்ல கேளு. இந்த மனுவை மடிச்சு மடியில வை. கேட்டுட்டுப் பொறவு கொடு.

நாப்பத்தி ஒண்ணு போவுது. இந்தா, எனக்கு ஒரு தாள் கொடுத்திருக்கு அந்தப் பிள்ளை. என் கணவர் என்னுடன் வசிக்கவில்லை, அவர் இருக்குமிடம் எனக்குத் தெரியாது. கீழ கையெழுத்து. போட்டாப் பணம் தொடர்ந்து வரும். கூடவே, கொடியில கெடக்க சாரத்தை எடுத்துரும்மா, செவ்வாக்கெழமை பாக்க வருவாங்கன்னும் சொல்லுச்சு. மூணு தடவை பொய்யாக் கையெழுத்துப் போட்டேன், மடமடன்னு போட்டேன். இன்னைக்கு இது அத்தனையும் நெசம். காலையில இருந்து பேனாவைப் பிடிச்சிக்கிட்டு இருக்கேன், கை போவ மாட்டேங்கு.

நான் ஒண்ணு நெனச்சு வச்சிருக்கேன். சிரிக்காத. இந்த ஆபீஸ்ல எழுதுனது எல்லாம் நடக்கு தாயி. போயிட்டாருன்னு எழுதுனாவ, போயிட்டாவ. அட்டையில பேரை அடிச்சாவ, வீட்டுல ஆளு இல்லை. அப்ப இன்னைக்கு உள்ள போயி, ஆமா மேடம், வந்துட்டாவ, வீட்டுலதான் இருக்காவன்னு சொல்லப் போறேன். எழுதிக்கிடட்டும். பணத்தை நிறுத்தட்டும். வாங்குனதைத் திருப்பிக் கட்டச் சொன்னா, அளத்துல கூட்டிப் பெருக்கியாவது கட்டுதேன். அட்டையில பேரைத் திரும்ப ஏத்துங்கன்னு கேப்பேன். சீல் போட்டு எழுதட்டும். சாரமும் கொடியிலயே கெடக்கட்டும், இனி அதை யாருக்காவவும் எடுக்க மாட்டேன்.

சாரத்தைப் பாக்காமத்தான் போனாவ. வேற ஒண்ணும் காதுல விழுந்திருக்காது. நான் என்ன கத்தியா பேசுனேன்? இப்ப ஒன்கிட்ட பேசுத மாதிரித்தான் பேசுனேன்.

ஏன் தாயி, ஒங்க வீட்டுக்காரரு ஏன் துண்டைத் தலையில இருந்து எடுத்துட்டாவ? மூஞ்சியத் தொடைக்காவளே. வெயிலா? நிழல்லதானே நிக்காவ. இங்க என்னையப் பாத்துக்கிட்டுல்லா தொடைக்காவ.

அங்க வரைக்கும் கேக்குதா?

அப்ப கேட்டிருக்கு.

நாப்பத்தி மூணு. ஆமாய்யா, பட்டுக்கனி நான்தான், இந்தா எந்திரிக்கேன். தாயி, போயி அவியளைக் கூட்டிட்டு வந்து ஒன் பக்கத்துல உக்கார வை. என் எடம் காலியாத்தான் இருக்கும்.